நீ அமுக்காத கீயிலும் காற்று ஒழுகும், மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

போன வாரம் பட்டர்வொர்த்திலிருந்து போன் போட்டு, "மாமா, கிளாரினெட் ஊத எனக்கு மூச்சு பத்தல, பேண்ட் வாத்தியக் குழுவை விட்டுடறேன்" என்றாயே, அன்றிலிருந்து இதை எழுத நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நேரில் சொன்னால் உன் அம்மாவும் சேர்ந்துகொள்வாள், பேச்சு உன் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும்.

உன் மூச்சில் ஒன்றும் குறையில்லை. காற்று எங்கேயோ ஒழுகுகிறது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

என்னுடைய கிளாரினெட்டும் பழசுதான். லோரோங் கூலிட் காலைச் சந்தையில் இஸ்திரிப் பெட்டிக்கும் உடைந்த ரேடியோவுக்கும் நடுவில் கிடந்தது. விற்றவர் 250 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார், பெட்டியைத் திறந்ததும் குப்பென்று வந்த பூஞ்சை நாற்றத்தைக் காட்டி 180க்கு முடித்தேன். பிளாஸ்டிக் உடம்புதான். மரத்தில் நாதமே வேறு என்பார்கள், சரி, ஆனால் ஏசி அறைக்கும் பினாங்கு வெக்கைக்கும் மாறி மாறித் தூக்கிப் போகிற பிள்ளைக்கு வெடிக்காத உடம்புதான் நல்லது.

வீட்டில் ஊதினால் மேலே நாலு சுரம் ஒழுங்காகப் பேசியது. கீழே இறங்க இறங்க ஒன்று கீச்சென்றது, இல்லாவிட்டால் வெறும் காற்று. இரண்டு வாரம் நானும் என் மூச்சைத்தான் திட்டினேன். அப்புறம் மேல் துண்டை மட்டும் கழற்றித் துடைத்து, ஓட்டைகளை விரலால் மூடி, அடிவாயை உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து உறிஞ்சிப் பார்த்தேன். நல்ல வாத்தியம் என்றால் உதட்டைக் கவ்விக்கொண்டு சில நொடி நிற்கும். இது நிற்கவே இல்லை.

சிகரெட் சுருட்டும் மெல்லிய தாளைப் பட்டையாக வெட்டி, ஒவ்வொரு பேடுக்கும், அதாவது கீயில் ஒட்டியிருந்து ஓட்டையை மூடுகிற மெத்தைக்கும், அடியில் வைத்து, கீயை மூடி மெதுவாக இழுத்தேன். எல்லாம் தாளைப் பிடித்தன. உச்சியில், பக்கவாட்டில் இருக்கிற டிரில் கீ (இரண்டு சுரத்தை வேகமாக மாற்றி மாற்றி ஊத உதவுவது) மட்டும் சும்மா விட்டுவிட்டது. அதன் பேடில் பழுப்பு வளையம், அதன் ஓரத்தில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு கிழிசல். நான் தொட்டதே இல்லாத கீ! எப்போதும் மூடியே இருக்க வேண்டியது மேலே ஒழுகினால், அதற்குக் கீழே உள்ள அத்தனை சுரமும் தடுமாறும்.

பேடு மாற்ற, அதன் பசையை இளக்க என்று நீ லைட்டரைத் தொடாதே. கீயைக் கழற்றி வெளியே எடுத்த பிறகுதான் சூடு காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் உருகிவிடும். நான் அவசரப்பட்டுப் பட்டது வேறு: எபோனைட் (கெட்டி ரப்பர்) மவுத்பீஸைக் கொதிநீரில் போட்டுவிட்டேன், கறுப்பாக இருந்தது பாசி நிறமாகிவிட்டது. ஊதலாம், பார்க்கத்தான் சகிக்கவில்லை. இணைப்பில் கார்க் தளர்ந்து ஆடினால், குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப் இரண்டு சுற்று இப்போதைக்குப் போதும்.

பாட்டி இதை இன்னும் 'வெள்ளைக்கார நாயனம்' என்கிறார். ஏ.கே.சி. நடராஜன் இதில்தான் கர்நாடக இசை வாசித்து 2008இல் சங்கீத கலாநிதி ஆனார் என்று சொன்னாலும் கேட்பதில்லை.

சனிக்கிழமை ஃபெரியில் எடுத்து வா. தாள் என்னிடம் இருக்கிறது. ரீடை, அதான் ஊதும்போது அதிர்கிற அந்த மெல்லிய பட்டையை, மவுத்பீஸிலேயே மாட்டி வைக்காதே, கழற்றித் துடைத்துத் தனியாக வை.

மாமா