நில வகைப்பாட்டு மாற்றம் மாமன்றத்துக்கும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாளிதழ்களின் உள்பக்கங்களில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) நில வகைப்பாட்டு மாற்ற அறிவிப்புகள் அவ்வப்போது வருகின்றன. பொடி எழுத்தில் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பளவு இருக்கும். விவசாய மண்டலத்தில் உள்ள நிலத்தைக் குடியிருப்பு மண்டலமாகவோ தொழில் மண்டலமாகவோ மாற்றக் கேட்டிருக்கிறார்கள், ஆட்சேபணை இருந்தால் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்று ஒரு வரி இருக்கும். தன் வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும் காலி இடத்தின் சர்வே எண் எத்தனை பேருக்குத் தெரியும்? அவகாசம் முடிந்து, மண் லாரிகள் வந்து நிற்கும்போதுதான் தெருவுக்கே விஷயம் தெரிகிறது.

இந்த விண்ணப்பங்களை ஏற்பதும் மறுப்பதும் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சிலர்களின் கையில் இல்லை. ரிப்பன் மாளிகையில் மாநகராட்சி மாமன்றமாக அந்த 200 பேர் கூடி மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை என்று பேசுகிறார்கள். எல்லாம் அவசியமானவைதான். ஆனால் அந்த வடிகாலில் எவ்வளவு தண்ணீர் வந்து விழும் என்பது நிலத்தை எப்படி வகைப்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. அந்த முடிவு எழும்பூரில் சி.எம்.டி.ஏ. அலுவலகத்தில் எடுக்கப்படுகிறது.

எங்கள் மடிப்பாக்கம் 2011 வரை கிராம ஊராட்சி. அந்த ஆண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது நாங்களும் உள்ளே வந்தோம். சாலையும் வடிகாலும் வரும் என்று சந்தோஷப்பட்டோம். கிராம சபை போனதைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் தண்ணீர் போக வேண்டும் என்பது இங்கே பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். 2015 வெள்ளத்தில் எங்கள் தெருக்களில் படகு விட்ட பிறகு புதிதாகக் குடிவந்தவர்களும் தெரிந்துகொண்டார்கள். சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் பள்ளிக்கரணைக்கு 2022இல் கிடைத்தது, நல்ல விஷயம். ஆனால் அதைச் சுற்றியுள்ள நிலத்தில் என்ன கட்டலாம் என்று முடிவெடுக்கும்போது, இங்கே குடியிருப்பவர்களிடம் நேரில் வந்து கேட்கும் ஏற்பாடு இன்றுவரை இல்லை.

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தரலாம் என்று அது சொல்லும் 18 பணிகளில் முதல் இரண்டே நகரமைப்பும் நில உபயோகத்தை முறைப்படுத்துவதும்தான். நம் மாநிலத்தில் இன்னும் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படிதான் எல்லாம் நடக்கிறது. மும்பையில் மாநகராட்சியேதான் திட்டமிடும் அமைப்பு. 2034 வரைக்குமான அவர்களுடைய வரைவுத் திட்டத்துக்கு 2015இல் பெரிய எதிர்ப்பு வந்து, அதைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. பிறகு 2017இல் அது மாமன்றத்தில் விவாதிக்கப்பட்டுத்தான் மாநில அரசுக்குப் போனது. மும்பையில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்த கவுன்சிலர் எந்த நிலத்துக்காகப் பேசினார் என்று அங்கே ஒரு குடிமகன் கேட்க முடியும்.

கவுன்சிலர்கள் கைக்குப் போனால் பேரம்தான் நடக்கும் என்று என் பக்கத்து வீட்டுக்காரரே சொல்கிறார். அந்தப் பயம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் 2024 அக்டோபரில் என்ன நடந்தது என்று பாருங்கள். மாநகராட்சியின் 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, விளையாட ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மாமன்றத்தில் தீர்மானம் வந்தது. விஷயம் உடனே வெளியே வந்தது, எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த ஓரிரு நாளில் முடிவு கைவிடப்பட்டது. அது மாமன்றத்தில் வந்ததால்தான் வடசென்னைப் பையனுக்கும் தெரிந்தது. கோப்பிலேயே முடிந்திருந்தால், ஒருநாள் திடலுக்குப் போய் வாசலில் காசு கேட்கும்போதுதான் தெரிந்திருக்கும்.

சென்னைப் பெருநகரில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் சி.எம்.டி.ஏ.வின் இரண்டாம் மாஸ்டர் பிளான் 2008இல் வந்தது, 2026 வரைக்குமானது. அடுத்த 20 ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டம் தயாராகிறது. எந்த ஏரியின் நீர்ப்பிடிப்பில் வீடு வரும், எந்த வயல் வயலாகவே இருக்கும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஆயிரம் பக்க ஆவணத்தை இணையத்தில் போட்டுவிட்டுக் கருத்துக் கேட்டால் எங்கள் தெருவில் ஒருவரும் படிக்க மாட்டார்கள். படிக்க மனமில்லாமல் இல்லை, அதில் தங்கள் தெரு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

2022இல் விதிகள் வகுத்து வார்டுகளில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தந்த வார்டின் வரைபடத்தை, சர்வே எண்ணோடு தெருப் பெயரும் போட்டு, அங்கே தமிழில் வையுங்கள். சபையில் சொன்னதை மாமன்றம் விவாதித்துத் தீர்மானமாக அனுப்பட்டும். சி.எம்.டி.ஏ. அதற்கு மாறாக முடிவெடுத்தால் காரணத்தை எழுதி வெளியிடட்டும். திட்டம் வந்த பிறகு தனித்தனியாக வரும் வகைப்பாட்டு மாற்ற விண்ணப்பங்களுக்கும் இதையே செய்யலாம். சட்டத்தைத் திருத்த நாளாகும், சரி. அதுவரை மாமன்றத்தின் கருத்தைக் கேட்பதில் சி.எம்.டி.ஏ.வுக்கு என்ன சிரமம்? மேயரும் துறை அமைச்சரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும், மாஸ்டர் பிளான் இறுதியாவதற்குள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை.