ஃபைல் ஓப்பன் ஆகல சார்: தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒரு திறந்த மடல்

டெல்லி தேசிய ஆவணக் காப்பக அதிகாரிகளுக்கும், மத்திய அரசு ஆபீஸ்கள்ல ரெக்கார்ட் ஆபீசரா இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நிரந்தரமா வைக்க வேண்டிய மத்திய அரசு ரெக்கார்டெல்லாம் கடைசில உங்ககிட்டதான் வரணும், ஆனா கம்ப்யூட்டர்ல உருவானது அதுக்குள்ள படிக்க முடியாமப் போயிடுது, அதுக்குத்தான் இந்த மடல். அப்பாவோட பென்ஷன் திருத்தத்துக்காக ஒரு மத்திய அரசு ஆபீசுக்கு போன மாசம் நாலாவது தடவையா நடந்தேன். 1998ல வந்த ப்ரமோஷன் ஆர்டர் காப்பி வேணும், அவ்வளவுதான். கிளார்க் நல்ல மனுஷன், பீரோவத் திறந்து அந்தக் காலத்து கம்ப்யூட்டர் டிஸ்க், அதான் ஃப்ளாப்பி, அதுல ஒரு கட்ட எடுத்து மேசைல வெச்சாரு, சுத்தியிருந்த ரப்பர் பேண்ட் கை பட்டதும் பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. "எல்லாம் இதுலதான் சார் இருக்கு, போட்டுப் பாக்கத்தான் மெஷின் இல்ல." பேப்பர் எங்க? "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேன்னு அப்பவே கழிச்சுட்டாங்க." 1974ல டைப் அடிச்ச அப்பாவோட அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் டிரங்குப் பெட்டில பூச்சி அரிச்சும் இன்னும் படிக்க முடியுது!

அப்பா ஆர்டரெல்லாம் உங்க காப்பகத்துக்கு வர்ற அளவு பெரிய ஃபைல் இல்லதான். ஆனா அந்த வருஷத்து சர்க்குலர், மீட்டிங் மினிட்ஸும் அதே கட்டுலதான் கிடக்காம்.

கம்ப்யூட்டர்ல உருவாக்குனதும் ரெக்கார்டுதான்னு 1993 பொது ஆவணச் சட்டத்துலயே இருக்கு. முறையில்லாம அழிச்சா 5 வருஷம் வரைக்கும் ஜெயில்னும் இருக்கு. ஆனா நிரந்தரமா வைக்க வேண்டியதப் பிரிச்சு உங்ககிட்ட குடுக்கிறதுக்குக் கணக்கு 25 வருஷம். பேப்பர் 25 வருஷம் தாங்கும், ஃப்ளாப்பி தாங்குமா? இப்ப இ-ஆபீஸ்னு கம்ப்யூட்டர் ஃபைல் முறை வந்து, ஃபைல்ல அதிகாரிங்க எழுதுற குறிப்பு மொத்தமும் ஸ்க்ரீன்லயே ஓடுது, டிரங்குப் பெட்டில எடுத்து வைக்கக்கூட ஒண்ணும் இல்ல. அதனால கேக்குறேன், 25 வருஷம் காத்திருக்காதீங்க, ஃபைல க்ளோஸ் பண்றப்பவே ஒரு காப்பிய, எந்த மெஷின்லயும் திறக்கிற ஃபார்மட்ல வாங்கி வெச்சுக்கோங்க.

1962, 65, 71 போர் ரெக்கார்டே எங்ககிட்ட இல்ல, துறைகள் அனுப்பல்லன்னு 2022 டிசம்பர்ல அப்ப உங்க டைரக்டர் ஜெனரலா இருந்தவரே சொன்னாரு. மூணு போரே வந்து சேரலையாம், எங்கப்பா ப்ரமோஷன் எம்மாத்திரம்! வெள்ளக்காரன் என்ன எழுதுனான்னு உங்க அபிலேக் படல் வெப்சைட்ல வீட்ல உக்காந்தே தேடிப் படிக்கலாம், நம்மாளு 1998ல எழுதுனதுக்கு பீரோ சாவியும் அதிர்ஷ்டமும் வேணும்.

கோவத்துல கொஞ்சம் அதிகமா பேசியிருந்தா மன்னிச்சிடுங்க. தயவுசெஞ்சு 25 வருஷம் காத்திருக்காதீங்க. அப்புறம், ஃப்ளாப்பி படிக்கிற மெஷின் உங்ககிட்ட ஏதாவது இருந்தா சொல்லுங்க, கிளார்க் அந்தக் கட்டுக்குப் புது ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருக்காரு.