டச் லைனில் நடப்பதற்கும் நிர்வாகமே பொறுப்பு

அனுப்புநர்:
11 வயதுக்குட்பட்டோர் வார இறுதிப் பிரிவில் பயிலும் மாணவனின் தாய்,
வேளச்சேரி, சென்னை.

பெறுநர்:
பொது மேலாளர்,
சிறுவர் கால்பந்து அகாடமி நிர்வாகம்,
சென்னை.

பொருள்: பயிற்சியாளரும் சில பெற்றோரும் குழந்தைகளையும் நடுவரையும் இழிவாக நடத்துவது, என் முதல் புகாருக்கு வந்த பதில், மீதிக் கட்டணம் ஆகியவை தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கடந்த மாதம் மின்னஞ்சலில் அனுப்பிய புகாருக்கு உங்கள் வாடிக்கையாளர் பிரிவிலிருந்து சில வரிகளில் பதில் வந்தது. "உங்கள் வருத்தம் புரிகிறது, அடுத்த மேட்சில் உங்கள் மகனுக்குக் கூடுதல் நேரம் ஆட வாய்ப்புத் தருகிறோம்" என்று எழுதியிருந்தார்கள். நான் அதைக் கேட்கவே இல்லை. என் மகன் எத்தனை நிமிடம் ஆடுகிறான் என்பது பற்றி அந்தப் புகாரில் ஒரு வார்த்தை கூட இல்லை. புகார் சொல்லும் பெற்றோருக்கு ஏதாவது கொடுத்து வாயை அடைத்துவிடலாம் என்ற பழக்கம் உங்கள் நிர்வாகத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பழக்கம்தான் மைதானத்தைக் கெடுக்கிறது என்பதால், நடந்ததை மறுபடியும் விவரமாக எழுதுகிறேன்.

வார இறுதி லீக் ஆட்டம், உங்கள் சொந்த டர்ஃபில் நடந்தது. காலையில் பெய்த மழையில் செயற்கைப் புல் நனைந்திருந்தது. இரண்டாம் பாதியில் எதிரணிப் பையன் தூரத்திலிருந்து உதைத்த பந்து நம் கோல்கீப்பரின் கைக்கு வந்து, வழுக்கி, கோட்டைத் தாண்டிவிட்டது. பெரியவர்கள் ஆட்டத்திலேயே நடக்கிற விஷயம். உங்கள் கோச் உடனே அவனை வெளியே அழைத்தார். எல்லோர் காதிலும் விழும்படி, "உனக்கெல்லாம் எதுக்குடா கிளவ்ஸ்? உங்கப்பா கட்டுற ஃபீஸ் தண்டம்" என்றார். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் அடித்தார். மூடி தெறித்துப்போய் பெஞ்சுக்கு அடியில் விழுந்தது. மற்ற பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மீதி ஆட்டம் முழுக்க அந்தப் பத்து வயதுப் பையன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கிளவ்ஸின் மணிக்கட்டுப் பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தான். தண்ணீர் வேணுமாப்பா என்று கேட்டேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் என் மகன் இல்லை. அவனுடைய அம்மா அன்று வேலைக்குப் போயிருந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆட்டம் முடிந்ததும், தோற்றதற்குத் தண்டனை என்று எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். ஓட்டம்தான் இந்த விளையாட்டின் உயிர். அதையே தண்டனையாக்கினால் பிள்ளைக்கு எதன் மேல் ஆசை வரும்?

அடுத்து, பெற்றோர். எல்லோரையும் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் அமைதியாக உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போகிறவர்கள். ஓரிருவர்தான் பிரச்சினை. அதிலும் ஒரு தந்தை ஒவ்வொரு ஆட்டத்திலும் மைதானத்தின் பக்கவாட்டுக் கோடான டச் லைனோடு ஓடிக்கொண்டே இருப்பார். கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். "நீயே அடிடா, யாருக்கும் குடுக்காத" என்று அவர் கத்துவார். இந்தப் பக்கமிருந்து கோச் "பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு" என்பார். அந்தப் பையன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஒரு நொடி அப்பாவையும் ஒரு நொடி கோச்சையும் பார்ப்பான். அதற்குள் எதிரணி பந்தைப் பறித்துக்கொண்டு போய்விடும். உடனே இரண்டு பக்கமிருந்தும் அவனுக்குத் திட்டு விழும். நல்ல ஆட்டக்காரன், இடது காலில் அருமையான உதை. அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தப் புகாரின் முதல் பாதிக்கப்பட்டவன் அவன்தான் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அப்பா சத்தம் போடுவதால் அவன் எப்போதும் முழு ஆட்டமும் ஆடுகிறான் என்பதை மற்ற பெற்றோர் கவனிக்காமல் இல்லை. எனக்கு நீங்கள் தர முன்வந்த 'கூடுதல் நேரம்' எங்கிருந்து வரும்? வாய் திறக்காத இன்னொரு அம்மாவின் பிள்ளையிடமிருந்துதான்.

அன்று நடுவராக இருந்தவர் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி. கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி ஏரியாவுக்கு வெளியே நடந்த ஃபவுலுக்கு அவர் பெனால்டி தரவில்லை, ஃப்ரீ கிக்தான் தந்தார். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தவரை அது சரியான முடிவு. தவறாகவே இருந்திருந்தாலும், கால்பந்து விதிகளின் 5-வது விதிப்படி ஆட்டத்தில் நடந்தவை குறித்து நடுவர் சொல்வதே முடிவானது. அந்தத் தந்தை, "ஹலோ ரெஃப், கண்ணு தெரியுதா இல்லையா? எவ்ளோ வாங்கின?" என்று கத்தினார். உங்கள் கோச் அவரை அடக்குவதற்குப் பதிலாக, கையை விரித்துக்காட்டித் தானும் சேர்ந்துகொண்டார். ஆட்டம் முடிந்து பைக்கை எடுக்கப்போன அந்தத் தம்பியின் பின்னாலேயே போய், அவர் முகத்துக்கு நேராக செல்போனை நீட்டி வீடியோ எடுத்தார்கள். உங்கள் ஊழியர்கள் இருவர் கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் வேறு நடுவர் வந்தார். இப்படித் துரத்தினால் இந்த ஊரில் சிறுவர் ஆட்டத்துக்கு விசில் ஊத யார் வருவார்கள்?

2019-ல் விதிகள் மாறியபின், நடுவர் பயிற்சியாளருக்கும் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை காட்டலாம். உங்கள் கோச்சுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் வேலிக்கு வெளியே நிற்கும் பார்வையாளருக்கு அட்டை காட்ட விதியில் இடமில்லை. அதிகபட்சமாக நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம், கைவிடலாம். அப்படியானால் அந்தப் பார்வையாளரை வெளியே அனுப்ப வேண்டியவர் யார்? மைதானத்தையும் லீகையும் நடத்தும் நீங்கள்தான். சேர்க்கையின்போது எங்கள் எல்லோரிடமும் ஒரு நடத்தை விதிப் படிவத்தில் கையெழுத்து வாங்கினீர்கள். 'நடுவரிடமோ பிள்ளைகளிடமோ தகாத வார்த்தை பேசுபவர் மைதானத்திலிருந்து வெளியேற்றப்படுவார்' என்று அதில் இருக்கிறது. அந்த வரியைப் படித்துத்தான் நான் பணம் கட்டினேன். இதுவரை ஒருவரைக்கூட வெளியேற்றி நான் பார்த்ததில்லை.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கோச் அதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் போட்டுப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார். கோல்கீப்பருக்கு அன்று 2. அதற்குக் கீழே மூன்று பெற்றோர் சிரிப்பு இமோஜி போட்டிருந்தார்கள். பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். நடுவரின் வீடியோவும் அதே குழுவில்தான் பகிரப்பட்டது. குழுவின் அட்மின் உங்கள் அலுவலகம். புகார் அனுப்பிய அன்றே ஸ்கிரீன்ஷாட் இணைத்திருந்தேன். வீடியோ இன்றுவரை நீக்கப்படவில்லை.

'கால்பந்து என்றால் இப்படித்தான் மேடம், சத்தம் இருக்கும்' என்று உங்கள் சென்டர் மேனேஜர் என்னிடம் நேரில் சொன்னார். நான் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். குட்டி பிரேசில் என்று பத்திரிகைகள் எழுதுகிற அதே வியாசர்பாடி. என் அண்ணன்மார் வெறுங்காலோடு ஆடியவர்கள். கால்பந்தின் சத்தத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தெருவே கூடிக் கத்தும், விசில் பறக்கும், தோற்றால் கோபமும் வரும். ஆனால் பந்தை விட்ட பையனை வெளியே உட்காரவைத்து, அவன் அப்பனின் காசைச் சொல்லிக்காட்டிய ஒரு மாஸ்டரை நான் பார்த்ததில்லை. ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைக்குத் தன் கைக்காசில் ஷூ வாங்கிக்கொடுத்த மாஸ்டர்களைத்தான் தெரியும். சத்தம் ஆட்டத்துக்கானது. குழந்தையை நோக்கி வீசப்படுவதற்கு வேறு பெயர்.

கோச் ஒருவரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. அவரும் இளைஞர், ஆட்டம் தெரிந்தவர், பிள்ளைகளுக்குப் பந்தைக் கட்டுப்படுத்தச் சொல்லிக்கொடுக்கும்போது பொறுமையாகவே இருக்கிறார். பிரச்சினை ஞாயிற்றுக்கிழமைகளில்தான். கோப்பை ஜெயித்தால் ஊக்கத்தொகை, தோற்றால் அலுவலகத்தில் கேள்வி என்று அவரே பெற்றோர் சிலரிடம் சொல்லியிருக்கிறார். உங்கள் விளம்பரப் பலகை முழுக்கக் கோப்பைகள். பத்து வயதுப் பிள்ளைகளின் வெற்றியை வைத்து அடுத்த வருடச் சேர்க்கையைப் பிடிக்கிறீர்கள். அந்த அழுத்தம் மேலிருந்து இறங்கி இறங்கிக் கடைசியில் கிளவ்ஸ் போட்ட ஒரு சின்னப் பையனின் தலையில் விழுகிறது. முழு வருடக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டிய பெற்றோரும், போட்ட காசுக்குப் பலன் இன்றே தெரிய வேண்டும் என்று நினைக்கிறார்கள். அவர்களை அப்படி நினைக்கவைத்ததில் உங்கள் விளம்பரத்துக்குப் பங்கு உண்டு.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்து கால்பந்து சங்கம் 2008-ல் 'ரெஸ்பெக்ட்' என்ற திட்டத்தைத் தொடங்கி, சிறுவர் ஆட்டங்களில் பெற்றோர் நிற்பதற்கென்று ஒரு பக்கத்தில் கயிறு கட்டித் தனி இடம் ஒதுக்கியது. 2023 அக்டோபரில் ஒரு வார இறுதி முழுக்கப் பெற்றோரும் கோச்சுகளும் டச் லைனிலிருந்து கத்தாமல் கைதட்டி மட்டும் ஆதரவு தர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஜெர்மனி 2024-25 பருவத்திலிருந்து சின்னஞ்சிறு பிரிவுகளில் புள்ளிப்பட்டியலையே எடுத்துவிட்டது. உலகக் கோப்பையை நான்கு முறை வென்ற நாடு அது. நம் நாட்டிலும் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2018-ல் சிறு பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கோல்டன் பேபி லீக், ஆடும் மகிழ்ச்சியை முன்வைத்துத்தான் வந்தது. ஒரு கயிறு வாங்கிக் கட்ட என்ன செலவாகும்?

எனவே நான் கேட்பது இவைதான். அந்த கோல்கீப்பரிடமும் அவனுடைய பெற்றோரிடமும் கோச் நேரில் வருத்தம் தெரிவிக்க வேண்டும், நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் உடன் இருக்க வேண்டும். நடுவரின் வீடியோ இன்றே நீக்கப்பட வேண்டும், அந்தத் தம்பிக்கு எழுத்தில் மன்னிப்புக் கடிதம் போக வேண்டும். குழுவில் மதிப்பெண் போடுவது நிற்க வேண்டும். பிள்ளையின் குறையைப் பெற்றோரிடம் தனியாகச் சொன்னால் போதும். பெற்றோருக்கு மைதானத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் இடம் ஒதுக்கி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பொறுப்பான ஊழியர் ஒருவரை அங்கே நிறுத்துங்கள். முதல் தடவை எச்சரிக்கை, மறுபடி நடந்தால் கேட்டுக்கு வெளியே, அவர் எவ்வளவு பெரிய ஸ்பான்சராக இருந்தாலும். 13 வயதுக்குட்பட்ட பிரிவுகளுக்கு கோச்சின் ஊக்கத்தொகையைக் கோப்பையோடு முடிச்சுப்போடாதீர்கள். எத்தனை பிள்ளைகள் அடுத்த வருடமும் ஆட வருகிறார்கள் என்று பாருங்கள், அது நல்ல அளவுகோல்.

இவற்றை எப்போது, எப்படிச் செய்வீர்கள் என்று இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். இல்லையென்றால் மீதி மாதங்களுக்கான கட்டணத்தைத் திருப்பித்தரும்படி கேட்கிறேன். 'கட்டிய பணம் திரும்பத் தரப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருப்பதைக் காட்ட வேண்டாம். வாக்களித்த சேவையைத் தராமல் இருப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த நிபந்தனைகளைப் பற்றியும் அதே சட்டம் பேசுகிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவரே அதற்கு மன வேதனை தருவது 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவில் வருகிறது என்பதையும் உங்கள் சட்ட ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்குப் போக எனக்கு விருப்பமில்லை. பிள்ளைகள் இங்கேயே, இதே நண்பர்களோடு ஆட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தொலைபேசியில் பேச அழைக்க வேண்டாம், எழுத்தில் பதில் தாருங்கள். சேர்க்கைப் படிவத்தின் நகல், கட்டண ரசீது, நீங்கள் அனுப்பிய முந்தைய பதில், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உடன் கையெழுத்திட்ட மற்ற பெற்றோரின் பட்டியலும் தனித்தாளில் உள்ளது. கோல்கீப்பரின் அம்மாவுடைய கையெழுத்து அதில் முதலாவது.

இப்படிக்கு,
11 வயதுக்குட்பட்டோர் பிரிவு மாணவனின் தாய்