பிரிக்காத உறை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம், அங்கே உன் நலமறிய ஆவல். குளிர் தொடங்கிவிட்டதால் கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம். அக்காவின் குழந்தைக்குக் கீழே இரண்டு பற்கள் முளைத்திருக்கின்றன. மற்றச் செய்திகளை அம்மா தொலைபேசியில் சொல்லுவாள், நீ எடுத்தால்.

நான் எழுத வந்தது உன் ராப் பாடகர் மீக் மில்லைப் பற்றி. நீ சிரிக்கலாம். உன் அறைக் கதவை ஓங்கித் தட்டி, ‘அந்தக் கூச்சலை நிறுத்து’ என்று கத்திய அதே மனிதன்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு நேரத்துக்குக் குறைவில்லை. கடந்த மூன்று வாரங்களாக அவருடைய வழக்கைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, தேதி வாரியாக என் பழைய ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஏன் மூன்று வாரங்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1987 மே 6-ஆம் நாள் ஃபிலடெல்ஃபியாவின் தெற்குப் பகுதியில் பிறந்த ராபர்ட் ரிமீக் வில்லியம்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயதாக இருந்தபோது தந்தை கொல்லப்பட்டார். தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நகரின் வடக்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். தெருமுனையில் நின்று ஒருவரையொருவர் பாட்டாலேயே மடக்குகிற போட்டிகளில்தான் அவர் தொழில் கற்றார். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணிக்காரர்கள் விடிய விடிய மோதிக்கொள்வதை ஊரில் சிறுவயதில் நான் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். இதுவும் அந்த வகைதான் என்று எனக்கு அப்போது தோன்றியிருந்தால், உன் அறைக் கதவு இரண்டு உதை குறைவாக வாங்கியிருக்கும்.

2007 ஜனவரியில், அவருக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, போலீஸ் அவரைக் கைது செய்தது. துப்பாக்கி வைத்திருந்ததை அவர் மறுக்கவில்லை. போலீஸ்காரர்களை நோக்கி அதை நீட்டினார் என்பதைத்தான் மறுத்தார். அன்று எடுத்த புகைப்படத்தில் முகம் வீங்கியிருக்கிறது. 2008-இல் துப்பாக்கி, போதைப்பொருள் குற்றச்சாட்டுகளில் நீதிபதி ஜெனீஸ் பிரிங்க்லி அவரைக் குற்றவாளி என்று தீர்த்தார். பதினொன்றரை முதல் இருபத்துமூன்று மாதம் வரை சிறை, அதற்குப் பின் ஆண்டுக்கணக்கில் புரொபேஷன், அதாவது வெளியே இருந்தபடியே நீதிமன்றக் கண்காணிப்பு. சிறையிலிருந்து அவர் சில மாதங்களிலேயே வெளியே வந்துவிட்டார். புரொபேஷனிலிருந்து வெளியே வரத்தான் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன், தம்பி. சிறைக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. நம் பென்சில்வேனியா மாநிலத்தில் புரொபேஷன் என்பது தண்டித்த அதே நீதிபதியின் கையிலேயே இருக்கிறது. ஒரு விதியை மீறினாய் என்று அவர் கருதினால் அதை நீட்டலாம், மறுபடியும் உள்ளே அனுப்பலாம். மேபேக் மியூசிக் நிறுவனம் 2011-இல் அவரை எடுத்துக்கொண்டது. 2012-இல் வந்த முதல் தொகுப்பு நாட்டிலேயே இரண்டாம் இடத்துக்குப் போனது. இவ்வளவு நடந்துகொண்டிருக்கும்போதே, எங்கே போகிறேன், எப்போது போகிறேன் என்று அவர் அலுவலரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. 2013-இல் அவரை நாகரிகம் பழகும் வகுப்புக்குப் போகும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. வளர்ந்த ஆண்மகனுக்கு, அதுவும் பாடிப் பிழைப்பவனுக்கு! 2014-இல் மறுபடி சிறை. ஜூலையில் உள்ளே போனவர் டிசம்பரில் வந்தார். அந்த ஆண்டு வெளிவர வேண்டிய தொகுப்பு அடுத்த ஆண்டு ஜூன் வரை தள்ளிப்போனது, வந்தவுடன் முதலிடம் பிடித்தது. 2016-இல், அனுமதி பெறாமல் மாநிலத்துக்கு வெளியே போனதற்காக 90 நாள் வீட்டுக்காவல்.

அனுமதி பெறாமல் வெளியே போனதற்காக. இந்த வரிக்குக் கீழே குறிப்பேட்டில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

நீ முகவரி மாறியதை அலுவலரிடம் சொல்லிவிட்டாயா? எழுத்தில் சொன்னாயா, வாயால் சொன்னாயா? வாயால் சொன்னது சொன்னதாகவே ஆகாது. அவர்கள் குறித்த தேதியைத் தவறவிடாதே. பிட்ஸ்பர்க்கில் உனக்கு எவ்வளவு வேலை இருந்தாலும், ஒலிப்பதிவுக்கு யார் காத்திருந்தாலும், அந்தத் தேதியைத் தவறவிடாதே.

2017-இல் நடந்தது உனக்கே தெரியும், அப்போது நீ பள்ளியில் கடைசி ஆண்டு. செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில் ஒரு கைகலப்பு, நியூயார்க் தெருவில் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டியது. இரண்டு வழக்குமே நிற்கவில்லை. அரசு வழக்கறிஞரும் சிறை கேட்கவில்லை, புரொபேஷன் அலுவலரும் கேட்கவில்லை. இருந்தும் நவம்பர் 6-ஆம் நாள் இரண்டு முதல் நான்கு ஆண்டு வரை சிறை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். பத்தொன்பது வயதில் தொடங்கியது முப்பது வயதிலும் அவரை விடவில்லை. இன்னொரு ராப் பாடகரான ஜே-ஸி நியூயார்க் டைம்ஸில் அவருக்காகக் கட்டுரை எழுதினார். நீ அதை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாய். நான் அதன்மேல் காப்பி டம்ளரை வைத்தேன். வேண்டுமென்று வைக்கவில்லை என்று இத்தனை நாளும் சொல்லிவந்தேன், வேண்டுமென்றுதான் வைத்தேன்.

அடுத்த பிப்ரவரி 4-ஆம் நாள் ஃபிலடெல்ஃபியாவின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஈகிள்ஸ் முதன்முறையாக சூப்பர் பவுல் இறுதிப் போட்டியை வென்ற இரவும் உனக்கு நினைவிருக்கும். 41-க்கு 33. ஆட்டக்காரர்கள் அவருடைய ‘ட்ரீம்ஸ் அண்ட் நைட்மேர்ஸ்’ பாட்டோடு களத்துக்குள் ஓடிவந்தார்கள். நீ என்னிடம், “இதைப் பாடியவர் இப்போது செஸ்டர் சிறையில் இருக்கிறார், அப்பா” என்றாய். சிறையில் கிடப்பவன் பாட்டுக்கு ஊரே ஆடுகிறதா என்று கேட்டுவிட்டு நான் படுக்கப் போய்விட்டேன். போன வாரம் அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டேன். பியானோவோடு நிதானமாகத் தொடங்கி, நடுவில் சட்டென்று தாளம் புரண்டு குரல் ஓடத் தொடங்குகிறதே, அந்த இடத்தில் என்னையறியாமல் தொடையில் கை போட்டேன். காலம் மாறுகிற இடத்தில் மிருதங்கக்காரன் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று உன் வாத்தியார் சொல்வாரே, அதுதான் உன்னை இழுத்திருக்கிறது. எட்டு வருட மிருதங்க வகுப்புக்கு வண்டி ஓட்டிய எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

உன்னைப் பற்றி எனக்குப் பெருமை இல்லை என்று நினைக்காதே. நீ ஒலி சேர்த்த அந்த ஆவணப்படத்தின் முடிவில் உன் பெயர் ஓடுவதை அம்மா நிறுத்திப் படம்பிடித்து வைத்திருக்கிறாள். ஆனால் பெயர் திரையில் ஓடினால் போதுமா? வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாதா? ஆறு வாரம் ஆகிறது. கோபம் இருந்தால் கோபமாகவே பேசு.

மீக் மில் வெளியே வந்தது 2018 ஏப்ரல் 24. கைது செய்த போலீஸ்காரரின் சாட்சியம் நம்பத்தக்கதன்று என்று மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகமே ஏற்றுக்கொண்ட பிறகு, மாநில உச்ச நீதிமன்றம் ஜாமீனில் விடச் சொன்னது. கூடைப்பந்து அணியின் பங்குதாரர் ஒருவர் ஹெலிகாப்டரில் அழைத்துவர, அன்று மாலையே ஆட்டரங்கத்தில் மணியடித்து ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். எல்லாருக்கும் ஹெலிகாப்டர் வராது என்று நான் அப்போது குத்தலாகச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவரும் அதையேதான் நினைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஜே-ஸி முதலியவர்களோடு சேர்ந்து, புரொபேஷனில் மாட்டிக்கொண்டவர்களுக்காக ரிஃபார்ம் அலையன்ஸ் என்ற அமைப்பை ஆரம்பித்தார். 2019 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய தீர்ப்பையே ரத்து செய்தது. ஆகஸ்ட் 27-ஆம் நாள், துப்பாக்கி வைத்திருந்தேன் என்ற சிறு குற்றத்தை மட்டும் ஒப்புக்கொண்டார்; மேற்கொண்டு தண்டனை எதுவுமின்றி வழக்கு முடிந்தது. 2023 ஜனவரியில் ஆளுநர் டாம் வுல்ஃப் மன்னிப்பும் வழங்கினார்.

ஒப்புக்கொள்வதைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். மூன்று நாளாக இந்த இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிடுகிறேன்.

2021-இல் இருக்கைக்கு அடியில் கிடந்தது உன்னுடையதன்று என்று நீ மூன்று முறை சொன்னாய். மூன்றாவது முறை அழுதுகொண்டே சொன்னாய். வழக்கை நடத்தலாம், ஆறேழு மாதம் ஆகும், நமக்கு வழியிருக்கிறது என்றுதான் வழக்கறிஞர் சொன்னார். அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. சம்பந்தி வீட்டாரின் உறவினர்கள் இரண்டு குடும்பம் இதே ஊரில் இருந்தார்கள். நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நான் வழக்கறிஞரிடம், ஒப்புக்கொண்டால் எத்தனை நாளில் முடியும் என்று கேட்டேன். அடுத்த வாரமே என்றார். உன்னிடம் வந்து, வழக்கறிஞரே ஒப்புக்கொள்ளத்தான் சொல்கிறார் என்று சொன்னேன். அது பொய். நீ அப்பா சொன்னால் சரி என்று கையெழுத்துப் போட்டாய். வீட்டுக்கு வரும் வழியில், அந்தப் பாட்டைக் கேட்ட காதுக்கு வேறென்ன வந்து சேரும் என்று வேறு பேசினேன்.

அத்தோடு நிற்கவில்லை. 2023-இல் அப்பத்தா போனபோது, அனுமதி கேட்டு விண்ணப்பிக்கிறேன், இரண்டு மூன்று நாள் ஆகலாம் என்று நீ சொன்னாய். கேட்டுக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்துவிடும், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் வேண்டும், பேசாமல் கிளம்பு என்றவன் நான். நீ வந்து பந்தம் பிடித்தாய். திரும்பிப் போனதும் உன் மூன்று ஆண்டுப் புரொபேஷன் ஐந்தாண்டு ஆனது. அப்போதும் நீ நீதிமன்றத்தில் என் பெயரை எடுக்கவில்லை. அனுமதியில்லாமல் போனது உன் முடிவு என்றே சொன்னாயாம். வழக்கறிஞர் எனக்குச் சொன்னார். நான் கேட்டுவிட்டு, சரி என்று போனை வைத்தேன். உறவினர்களுக்கு நீ வேலை மிகுதியால் ஊருக்கு வருவதில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதை இன்னும் திருத்தவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் உன் பெயருக்கு ஓர் உறை இந்த வீட்டு முகவரிக்கு வந்தது. மூலையில் மாவட்டப் புரொபேஷன் அலுவலகத்தின் முத்திரை இருக்கிறது. நீ அவர்களிடம் புதிய முகவரியைக் கொடுக்கவில்லையோ என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. இதே மாநிலத்தில் 2023 டிசம்பரில் ஆளுநர் ஷபீரோ கையெழுத்திட்ட புதிய சட்டம், வெறும் விதிமீறலுக்காகச் சிறைக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்துகிறது. காலம் முடியும் முன்பே நன்னடத்தையைப் பரிசீலிக்கவும் வழி செய்கிறது. ரிஃபார்ம் அலையன்ஸ் அதற்காகப் பாடுபட்டிருக்கிறது. உனக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். இந்த முறை அவர் சொல்வதை நீயே நேரில் கேள். நடுவில் நான் வேண்டாம்.

உறையைப் பிரிக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன், ஒன்றும் தெரியவில்லை. இதை அஞ்சலில் திருப்பி அனுப்ப மனமில்லை, தொலைந்துபோனால் என்ன செய்வது? வெள்ளிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு நானும் அம்மாவும் கிளம்புகிறோம், ஒன்பது மணிக்குள் உன் வாசலுக்கு வந்துவிடுவோம். அம்மாவிடம் நேற்றிரவுதான் எல்லாவற்றையும் சொன்னேன், வழக்கறிஞர் அறையில் நடந்தது உட்பட. இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் உனக்குப் புளியோதரைக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருக்கிறாள். அன்று வேலைக்கு விடுப்புச் சொல்லிவிடு, அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா