வட்டக் கூட்டமும் வெளிநாட்டுப் பயிற்சி மாணவிகளும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், நியூசிலாந்தில் சமூகப்பணி படிக்கும் மாணவிகள் இருவர் எட்டு வாரப் பயிற்சிக்கு நம் பள்ளிக்கு வருகிறார்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்பதும் மறுசீரமைப்பு நீதியும் (தண்டிப்பதோடு நிற்காமல், நேர்ந்த பாதிப்பைச் சரிசெய்ய வழி தேடும் முறை) அவர்களுடைய பாடம். "நம் பிள்ளைகளின் சண்டையை வெளிநாட்டுக்காரர்கள் எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, பாதிக்கப்பட்ட பிள்ளையும் பாதிப்பைச் செய்த பிள்ளையும் வட்டமாக உட்கார்ந்து பேசும் நம் பள்ளியின் வட்டக் கூட்டம் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இந்த முறை நாம் கண்டுபிடித்தது அல்ல. 1974-இல் கனடாவின் எல்மிரா ஊரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்களை அவர்கள் நேரில் சந்தித்து நட்டத்தைக் கொடுக்க நீதிமன்றம் வழிசெய்தது. நியூசிலாந்து 1989-லேயே இளம் குற்றவாளிகளுக்குக் குடும்பக் கூட்டத்தைச் சட்டமாக்கியது. மாவோரி மக்களின் கூடிப் பேசும் வழக்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பாதிக்கப்பட்டவர் அந்தக் கூட்டத்துக்கு வரலாம், துணைக்கு ஆள் கூட்டியும் வரலாம். பள்ளிக்குள் இது நுழைந்தது 1994-இல், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில்.

"சமாதானம் பேசி அனுப்பிவிடுங்கள் சார்" என்பார்கள் சில பெற்றோர். "ரெண்டு போட்டு அனுப்புங்கள்" என்பவர்களும் உண்டு. அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17 தடை செய்கிறது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. சமாதானம் பேசுவதில்தான் சிக்கல். ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி பெரியவர்கள் பேசி முடித்து, இரண்டு பிள்ளைகளையும் கை குலுக்கச் சொன்னால் அடி வாங்கிய பிள்ளைக்கு மறுநாளே மறுபடி விழுகிறது, இந்த முறை கழிப்பறைப் பக்கம். வட்டக் கூட்டம் அப்படி இல்லை. அது நடக்க வேண்டுமா, யார் உட்கார வேண்டும், யார் முதலில் பேச வேண்டும் என்பதையெல்லாம் பாதிக்கப்பட்ட பிள்ளைதான் முடிவு செய்யும். வேண்டாம் என்று அந்தப் பிள்ளை சொன்னால் கூட்டம் கிடையாது. வழக்கமான ஒழுங்கு நடவடிக்கை மட்டும் நடக்கும்.

ஒரு எடுத்துக்காட்டு. பிளஸ் ஒன் மாணவன் ஒருவனுடைய வேதியியல் ரெக்கார்டு நோட்டை இன்னொருவன் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பொறுப்பாசிரியர் இருவரையும் தனித்தனியே, வேறு வேறு நாளில் சந்திப்பார். ஆளுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம். செய்தவன் "நான்தான் போட்டேன்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மறுப்பவனைக் கூட்டத்தில் உட்கார வைத்தால் அது விசாரணையாக மாறிவிடும். நோட்டை இழந்தவன் சாட்சி சொல்ல வந்தவனைப் போல ஆகிவிடுவான். இந்த முன்சந்திப்புகளுக்கு ஆகும் நேரம் கூட்டத்தைவிட அதிகம். இதில் அவசரப்பட்டால் கூட்டம் கெடும்.

கூட்டத்தில் எட்டுப் பேருக்கு மேல் இல்லை. நாற்காலிகள் வட்டமாக, நடுவில் மேசை இல்லாமல். பாதிக்கப்பட்ட பிள்ளை முதலில் வந்து தன் இடத்தைத் தேர்ந்துகொள்ளும். பெரும்பாலும் கதவுக்குப் பக்கத்து நாற்காலிதான். வேண்டுமானால் ஒரு நண்பனையும் கூட வைத்துக்கொள்ளலாம். கேள்விகள் எல்லோருக்கும் முன்பே தெரியும்: என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தாய்? யாருக்கு என்ன பாதிப்பு? இதைச் சரி செய்ய என்ன வேண்டும்? "ஏன் செய்தாய்?" என்று நாங்கள் கேட்பதில்லை. அதற்கு "சும்மாதான் சார்" அல்லது ஒரு சாக்கு, இரண்டில் ஒன்றுதான் பதிலாக வரும்.

முடிவு எழுத்தில் இருக்கும்: யார், எதை, எந்தத் தேதிக்குள். "இனி ஒழுங்காக இருப்பேன்" என்பதை எழுத மாட்டோம். அதைச் சரிபார்க்க வழியில்லை. புது நோட்டு வெள்ளிக்கிழமைக்குள், நனைந்த பக்கங்களின் படங்களை மதிய இடைவேளையில் ஆய்வகத்தில் வரைந்து தருவது, ஆய்வக உதவியாளரின் கையொப்பம் என்ற அளவுக்கு எழுதுவோம். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, ஆறு வாரம் கழித்து ஒரு முறை, பாதிக்கப்பட்ட மாணவனிடம் தனியாகக் கேட்போம். வெளியில் தெரியாத மிரட்டல் பெரும்பாலும் அந்த இரண்டாவது முறைதான் வெளிவரும்.

கூட்டம் கெடுவதற்குப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களே அதிகம் காரணமாகிறார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். மகனுக்குப் பதிலாக அப்பா பேசுவது. வீட்டிலேயே வசனம் சொல்லிக்கொடுத்து அனுப்புவது. எல்லோர் முன்னாலும் தன் பிள்ளையை ஓங்கி அறைவது. அறை விழுந்த நொடியில் பாதிக்கப்பட்ட பிள்ளை "என்னால்தானே" என்று குற்ற உணர்ச்சி கொள்ளும், அன்றைய கூட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுவோம். "அவன் எந்தத் தெரு?" என்று கேட்பதும், கட்சிக்காரரைத் துணைக்கு அழைத்து வருவதும் அப்படித்தான். மன்னிப்புக் கேட்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். மன்னிக்கச் சொல்லி வற்புறுத்துவது அதைவிட மோசம்.

எல்லா விஷயத்துக்கும் இந்த வழி பொருந்தாது. பாலியல் சீண்டல் என்று தெரிந்தால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19-இன்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது குற்றம். இரு குடும்பமும் பேசி முடித்துக்கொண்டோம் என்றாலும் நான் ஏற்க முடியாது. சாதியைச் சொல்லித் தாக்குவது, ஆயுதம் எடுப்பது, ஒரு கும்பல் ஒரே பிள்ளையைத் தொடர்ந்து துன்புறுத்துவது ஆகியவையும் வட்டத்துக்கு வராது. போக்சோ வழக்கில் பிள்ளைக்குத் துணையாக ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம், கேட்டுப் பெறுங்கள். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளி தொடர்பான புகாருக்கும் ஆலோசனைக்கும் 14417.

இனி அந்த மாணவிகள் விஷயம். இருவரும் தங்கள் நாட்டுக் காவல்துறைச் சான்றுடன் வருகிறார்கள். வெளிநாட்டவர் தங்குவதைத் தங்கும் வீட்டார் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கான ஏற்பாடு முடிந்துவிட்டது. எந்தப் பிள்ளையுடனும் அவர்கள் தனியாக இருக்க மாட்டார்கள். படம், ஒலிப்பதிவு கிடையாது. குறிப்பு எடுத்தால் பெயர், வகுப்பு, ஊர் எதுவும் இருக்கக் கூடாது; குறிப்பேடு பள்ளி அலமாரியிலேயே இருக்கும், கடைசி நாளில் நான் பார்த்த பிறகே கையில் கொடுப்பேன்.

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. வட்டத்தில் ஒருவர் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தால் அழுதுகொண்டு பேசும் பிள்ளை பாதியில் நிறுத்திவிடும். அதனால் அவர்கள் சுவரோரம் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பார்கள். என்ன பேசப்பட்டது என்பதை, பெயர்களை விட்டுவிட்டு, பொறுப்பாசிரியர் பிறகு ஆங்கிலத்தில் சொல்வார். அதுவும் இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால்தான். பெற்றோர் கையெழுத்துப் போட்ட பிறகும், அன்று காலை பாதிக்கப்பட்ட பிள்ளை தலையாட்டி மறுத்தால் போதும், அவர்கள் உள்ளே வர மாட்டார்கள். கூட்டங்களைப் பார்ப்பது அவர்கள் வேலையில் சிறு பகுதிதான். ஆசிரியர்களுக்கு மாதிரிக் கூட்டம் நடித்துக் காட்டுவது, தொடர் சந்திப்புப் படிவத்தைத் திருத்துவது, நூலகப் பாடவேளையில் பிளஸ் ஒன் பிள்ளைகளோடு பேசுவது ஆகியவையே மிகுதி. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் இதில் இல்லை, பொதுத்தேர்வு நெருங்குகிறது.

விருந்துக்கு வீட்டுக்கு அழைக்காதீர்கள். நம் வழக்கப்படி அது அன்புதான். ஆனால் ஒரு வீட்டில் சாப்பிட்டவர் மறுவாரம் அந்த வீட்டுப் பிள்ளையின் கூட்டத்தில் உட்கார்ந்தால் எதிர்த்தரப்புக்கு நம்பிக்கை போய்விடும். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எண் கேட்க வேண்டாம் என்று பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். கேட்டாலும் தரக் கூடாது என்பது அவர்களுக்கு விதி.

இணைத்துள்ள படிவத்தில் இரண்டு கட்டங்கள். முதலாவது, தேவைப்பட்டால் உங்கள் பிள்ளை வட்டக் கூட்டத்தில் கலந்துகொள்ள. இரண்டாவது, பயிற்சி மாணவிகள் அதைப் பார்க்க. ஒன்றுக்குச் சம்மதித்து மற்றதை மறுக்கலாம். விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். படிவம் வராவிட்டால் இரண்டுக்கும் சம்மதமில்லை என்றே எடுத்துக்கொள்வோம். சந்தேகம் இருந்தால் மாலை 4.30-க்கு மேல் என் அறைக்கு வரலாம். பிள்ளையை உடன் அழைத்து வருவதும் நல்லது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்