35ஐக் கொடுக்கும் முன்

மாட்டுங்கா,
ஞாயிறு இரவு

கண்ணம்மா,

தாத்தாவின் 35ஐ, அந்த 35 மி.மீ. லைக்கா லென்ஸைக் கொடுத்துவிட்டு ஃபோக்ட்லாண்டரின் நாக்டன் லென்ஸ் வாங்கலாமா என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்கப் போகிறாய் என்பதை மட்டும் சொல்கிறேன். அவசரப்பட்டு விற்காதே.

உன்னிடம் இருப்பது லைக்காவின் சம்மிக்ரான், நான்காம் பதிப்பு. 1979இல் தொடங்கி, கோள வளைவு இல்லாத கண்ணாடி வைத்த அடுத்த பதிப்பான ஆஸ்ஃபெரிக்கல் வரும்வரை விற்றது, உள்ளே ஏழு கண்ணாடி. 1958இல் வந்த முதல் பதிப்பில் எட்டு. சேகரிப்பவர்கள் அதைத்தான் தேடி அலைகிறார்கள். நடுவில் வந்த இரண்டிலும் ஆறு ஆறு. ஆஸ்ஃபெரிக்கல் முழுத் திறப்பிலேயே ஓரம்வரை கூர்மை, ஆனால் உருவமும் கனமும் கூடுதல். 2016இல் அதற்கு, ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரில் பதினொரு இதழும், திருகி மாட்டும் ஹூடும் (வெயில் மறைப்பு) போட்டார்கள். விலை ஒவ்வொன்றுக்கும் வேறு. "பழைய சம்மிக்ரான் எல்லாம் ஒன்றுதான்" என்று எவனாவது மொத்தமாக விலை சொன்னால் எழுந்து வந்துவிடு.

நாக்டன் எஃப் 1.4, உன்னுடையது எஃப் 2. ஒரு ஸ்டாப் கூடும், அதாவது வெளிச்சம் இரு மடங்கு. 1/15 நொடியில் கை ஆடும் இடத்தில் 1/30 கிடைக்கும். ராத்திரி அறைக்குள் எடுப்பவருக்கு அது பெரிய விஷயம்தான். நீ ஏன் ராத்திரி விழித்திருக்கிறாய்? போன ரோல் முழுக்க அந்த ஜன்னல்தான், முகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் தெருவிளக்கையும் உள் இருட்டையும் ஒளி அளக்கும் மீட்டர் இல்லாத உன் லைக்கா எம்2 கேமராவில் ஒரே படத்தில் பிடித்திருக்கிறாய். தாத்தா இருந்தால் தெரு முழுக்கக் காட்டியிருப்பார்.

நாக்டன் வாங்குவதானால் 2019இல் வந்த இரண்டாம் பதிப்பை வாங்கு. முதல் பதிப்பில் ஃபோகஸ் நகரும். 1.4க்குச் சரியாக வைத்த லென்ஸ் 2.8, 4 என்று மூடும்போது கூர்மையைப் பின்னுக்குத் தள்ளிவிடும்; தூரம் பார்த்து ஃபோகஸ் வைக்கும் ரேஞ்ச்ஃபைண்டரில் அது தெரியாது, படம் கழுவிய பிறகுதான் தெரியும். புதியதில் அதைப் பெருமளவு குறைத்திருக்கிறார்கள். இருந்தாலும் கையில் வந்ததும் சோதித்துப் பார். ஸ்டாண்டில் கேமராவை வை. ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து, 0.7 மீட்டரில், நடுக்கோட்டில் ஃபோகஸ் செய். அப்புறம் வளையத்தைத் தொடாமல் 1.4, 2, 2.8, 4 என்று எடு. அந்தத் தூரத்தில் 1.4க்குக் கூர்மை ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர்தான், அதனால் தப்பு உடனே தெரிந்துவிடும். 1.4இலேயே கூர்மை முன்னேயோ பின்னேயோ விழுந்தால், லென்ஸைத் திட்டாமல் முதலில் எம்2வின் ரேஞ்ச்ஃபைண்டரைச் சரிபார்க்கக் கொடு.

நாக்டனில் எஸ்.சி, எம்.சி என்று இரண்டு உண்டு; இரண்டிலும் கண்ணாடி ஒன்றே, கோட்டிங்தான் வேறு: எஸ்.சி ஒற்றைக் கோட்டிங், எம்.சி பல அடுக்கு. ஒற்றைக் கோட்டிங் காண்ட்ராஸ்டைக் குறைக்கும், நிழலில் விவரம் கொஞ்சம் எழும். கறுப்பு வெள்ளைக்கு அழகு. விளக்கு நேராக உள்ளே விழுந்தால் படம் வெளுத்துவிடும். உன் ஜன்னலுக்கு எம்.சிதான். இன்னொன்று, நாக்டனில் ஓரத்து நேர்கோடு வெளிப்பக்கம் வளையும். புதிய பதிப்பிலும் அது போகவில்லை. ஜன்னல் சட்டம் வளைந்தால் யார் கண்ணிலும் படும். உன் 39 மி.மீ. மஞ்சள் ஃபில்டரும் இதற்குச் சேராது, இது 43.

கொடுப்பதென்றே முடிவு செய்தால், முதலில் சம்மிக்ரானைக் கேமராவிலிருந்து கழற்றி, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பார். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. மும்பை மழைக்காலங்களைப் பார்த்த லென்ஸ் அது. சீராக வெள்ளையாகப் படர்ந்தால் வெறும் புகை, அது பெரும்பாலும் துடைத்தால் போய்விடும். பூஞ்சை கோட்டிங்கையே தின்றிருந்தால் துடைத்தாலும் வடு நிற்கும். அபெர்ச்சர் இதழில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா பார். முன்பகுதியைப் பிடித்து லேசாக அசைத்துப் பார். இந்தப் பதிப்பில் அது தளர்வது உண்டு, வாங்குகிறவன் அதைச் சாக்காக வைத்து விலையைக் குறைப்பான். நீயாக எதையும் திருகாதே.

இரண்டுக்கும் நடுவே கணிசமான பணம் மிஞ்சும். அது எனக்குத் தெரியாதா? பணம்தான் விஷயம் என்றால் என் சீட்டு அடுத்த மாதம் முடிகிறது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, பெரியப்பாவுக்குத் தெரியவும் வேண்டாம். பொங்கலுக்குப் பேசியபோதே சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளையைப் பற்றி நீ எழுதியே நாளாயிற்று. அவருக்கு வேலை எல்லாம் சரிதானே?

இங்கே இரவு 10 என்றால் இப்போது ஹாம்பர்க்கில் மாலை 6:30. நான் விழித்துத்தான் இருப்பேன். டார்ச் அடித்ததையும் வரிசை எண்ணையும் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை யாரிடமும் விலை பேசாதே, விற்காதே.

அம்மா