ஷாக் அப்சார்பர்: விலைக்கு முன் அளவு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கரடுமுரடான தடங்களில் ஓடும் டிரக்குகளைப் பற்றிய தங்கள் கட்டுரை, ஷாக் அப்சார்பர்களை விலையை வைத்தே ஒப்பிட்டிருந்தது. வண்டியின் எடையைச் சுமப்பவை ஸ்பிரிங்குகள். அவற்றின் துள்ளலை எண்ணெயின் தடையால் அடக்கி வெப்பமாக மாற்றுவதே ஷாக் அப்சார்பரின் வேலை என்பதால், நெடுநேரம் குண்டும் குழியுமான பாதையில் ஓடும்போது எண்ணெய் சூடேறி நுரைத்து, அடக்கும் திறன் குறைந்துவிடுகிறது. நைட்ரஜன் வாயுவைத் தனி அறையில் அழுத்தி வைத்திருக்கும் ஒற்றைக்குழாய் வகை இந்நுரைப்பைக் கட்டுப்படுத்தும். ஆனால் கல் பட்டுக் குழாய் நசுங்கினால் அதனுள் நகரும் பிஸ்டனே சிக்கிக்கொள்ளும். வண்டியின் உயரத்தைக் கூட்டியவர்கள், ஷாக் அப்சார்பரின் சுருங்கிய நீளத்தையும் விரிந்த நீளத்தையும் அளக்காமல் வாங்குவது வீண்செலவு. ஒரே அச்சில் உள்ள இரண்டு ஷாக் அப்சார்பர்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ரப்பர் புஷ் (இணைப்பில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம்) உள்ள போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே இறுதியாக முறுக்க வேண்டும் (அவசரத்தில் எளிதாக விட்டுப்போகும் வேலை இது). இல்லையேல் புஷ் விரைவில் கிழிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்